ரிச்சி தெருவில் பார்ட்ஸ் வாங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எலெக்ட்ரானிக்ஸைப் பொழுதுபோக்காகச் செய்பவர்களும் கல்லூரி புராஜெக்டுக்காக ஓடுபவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வாங்குவது சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் என்பதால் கடை, தெரு எல்லாம் சென்னையை வைத்தே வரும். மற்றபடி எந்த ஊருக்கும் பொருந்தும்.

"அக்கா, புதுசா ஆரம்பிக்கிறேன். முதல்ல என்னென்ன வாங்கணும்?"

முதலில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். இருட்டினால் தானாக எரியும் ஒரு சின்ன விளக்கு என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வேண்டிய பார்ட்ஸ், அதைச் செய்து முடிக்கத் தேவையான கருவிகள், அவ்வளவுதான் முதல் பட்டியல். கருவிகளில் வோல்ட், ஆம்ப், ஓம் அளக்க ஒரு மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், அதற்கு ஸ்டாண்டு, உருக்கி ஒட்டும் ஈயம் (சால்டர்), கம்பி வெட்டும் நிப்பர், நோஸ் பிளேயர், சால்டர் செய்யாமல் பார்ட்ஸைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டு, 12 வோல்ட் அடாப்டர் ஒன்று. இதை வைத்தே பல மாதங்கள் ஓட்டலாம்.

37 சென்சார்கள் ஒரே பெட்டியில் என்று விற்பதை இப்போது வாங்காதீர்கள். அதில் நான்கைந்தைத்தான் தொடுவீர்கள். அந்தப் பணத்தை நிப்பரில் போடுங்கள். வாங்கும்போது நிப்பரை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு வாய்க்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அது மெல்லிய கம்பியை வெட்டாது, மடக்கிவிடும். அடுத்ததை எடுத்துத் தரச் சொல்லுங்கள், கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"ரிச்சி தெருவுக்கு நேர்ல போகணுமா, ஆன்லைன்லயே வாங்கிடலாமா?"

இரண்டும் வேண்டும். கையில் பிடித்துப் பார்க்க வேண்டியவை, உடனே தேவைப்படுபவை, சில்லறையாக நாலு, அஞ்சு வேண்டியவை எல்லாம் நேரில். டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க், கேபினெட், ஸ்விட்ச், கனெக்டர் போன்றவற்றைப் படத்தைப் பார்த்து வாங்கினால் அளவு சேராது. மாட்யூல்கள், புரோகிராம் எழுதி இயக்கும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகள், குறிப்பிட்ட எண் கொண்ட ஐசி (பல பார்ட்ஸை உள்ளே அடக்கிய சிப்) ஆகியவற்றை ஆன்லைனில் தேடுவது சுலபம். ஆனால் பத்து ரூபாய் பொருளுக்கு அதைவிடப் பல மடங்கு டெலிவரி கட்டணம் விழும். அதனால் பட்டியல் சேர்ந்த பிறகு ஆர்டர் போடுங்கள்.

ரிச்சி தெரு அண்ணா சாலைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். பெயர்தான் ரிச்சி தெரு, கடைகள் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துச் சந்துகளிலும் பரவிக் கிடக்கின்றன. முன்பக்கம் முழுக்க செல்போன், லேப்டாப், சிசிடிவி. பார்ட்ஸ் கடைகள் உள்ளே தள்ளியும் மாடிகளிலும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலானவை மூடியிருக்கும். வேலை நாளில் காலை 11 மணி வாக்கில் போனால் கடைக்காரருக்கு உங்களிடம் பேச நேரம் இருக்கும், மாலையில் இருக்காது.

"நான் சொல்ற பேரு கடைக்காரருக்குப் புரியல. அவர் சொல்றது எனக்குப் புரியல. எப்படிக் கேட்கிறது?"

புத்தகத்தில் ஹெடர் பின் என்று படித்திருப்பீர்கள், கடையில் அது பெர்க் ஸ்டிரிப். ஒயரோடு வரும் வெள்ளை கனெக்டர் ரிலிமேட். சின்ன ஸ்குரூ டிரைவரால் திருப்பும் வேரியபிள் ரெசிஸ்டர் பிரீசெட். ஐசி சாக்கெட்டுக்கு ஐசி பேஸ். புள்ளி புள்ளியாகத் துளை போட்ட போர்டு ஜீரோ பிசிபி அல்லது டாட் போர்டு. காப்பர் போர்டில் பழுப்பு நிறத்தில் இருப்பது ஹைலம், வெளிர்பச்சையாக, கண்ணாடி மாதிரி இருப்பது கிளாஸ் எபாக்ஸி. ஹைலம் மலிவு, அறுக்கவும் துளை போடவும் எளிது, ஆனால் சூடு அதிகமானால் தாமிரம் உரிந்து வரும். இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டுவீர்கள் என்றால் கிளாஸ் எபாக்ஸியே வாங்குங்கள்.

கெப்பாசிட்டரை அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைச் சொல்லிக் கேட்பதே வழக்கம். 0.1 மைக்ரோஃபாரட் என்றால் யோசிப்பார், 104 என்றால் உடனே கை போகும். 10-க்குப் பின் நாலு சுழி, பிக்கோஃபாரடில். ரெசிஸ்டருக்கு மதிப்பு, வாட், எண்ணிக்கை மூன்றையும் சொல்லுங்கள்: 4.7 கே, கால் வாட், பத்து. பல கடைகளில் நூறு கொண்ட பாக்கெட்டாகத்தான் தருவார்கள், அதன் விலையும் குறைவுதான். 220 ஓம், 1 கே, 4.7 கே, 10 கே, 100 கே ஆகியவற்றைப் பாக்கெட்டாகவே வாங்கி வையுங்கள். எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு போனால் கூட்டத்திலும் வேலை நடக்கும்.

"25 வாட் அயர்ன் போதுமா, டெம்பரேச்சர் கன்ட்ரோல் வேணுமா?"

சாதாரண ரெசிஸ்டர், ஐசி, மெல்லிய ஒயர் என்றால் 25 வாட் போதும். தடித்த ஒயரும் பெரிய தாமிரப் பரப்பும் வந்தால் அந்தச் சூடு பரவிப்போய் ஈயம் சரியாக உருகாது. நீங்கள் தொடர்ந்து செய்யப் போகிறீர்கள் என்று தெரிந்த பிறகு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்டேஷன் வாங்குங்கள். என் பட்டியலில் காசு சேர்த்து வாங்க வேண்டிய முதல் பெரிய கருவி அதுதான், சிக்னலைத் திரையில் கோடாகக் காட்டும் ஆஸிலாஸ்கோப்புக்கும் முன்னால். 320 முதல் 350 டிகிரிக்குள் வைத்தால் பெரும்பாலான வேலை முடியும். எந்த அயர்னாக இருந்தாலும் மூன்று பின் பிளக் உள்ளதை எடுங்கள். எர்த் இல்லாத அயர்னின் முனையில் கசியும் மின்னழுத்தம் சில ஐசிகளைக் கொன்றுவிடும்.

அயர்னைவிட ஈயம் முக்கியம். நல்ல அயர்னும் மட்டமான ஈயமும் சேர்ந்தால் ஜாயிண்ட் கெட்டுப்போகும், மலிவான அயர்னும் நல்ல ஈயமும் சேர்ந்தால் சமாளிக்கலாம். 63/37 என்று (வெள்ளீயமும் ஈயமும் கலந்த விகிதம்) போட்டது 183 டிகிரியில் ஒரேயடியாக உருகி ஒரேயடியாக உறையும். 60/40 கிட்டத்தட்ட அதேதான், உறையும்போது கொஞ்ச நேரம் குழைவாக இருக்கும், அந்த நேரத்தில் பார்ட்டை அசைக்கக் கூடாது. ஈயமில்லாத சால்டர் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், கற்றுக்கொள்ளும்போது அது வேண்டாம். பெயரில்லாத மலிவுச் சுருளை ஒரு துண்டு உருக்கிப் பாருங்கள்: உருகத் தாமதமாகும், ஆறியதும் மணல் போல மங்கலாக நிற்கும். நல்லது வழவழவென்று மின்னும்.

ஃபிளக்ஸ் என்பது சால்டர் நன்றாகப் பிடிக்க உதவும் பொருள். குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் ஃபிளக்ஸை போர்டு பக்கம் கொண்டுவராதீர்கள், நாளடைவில் தாமிரத்தை அரித்துவிடும். சால்டர் செய்யும்போது எழும் புகை ஃபிளக்ஸிலிருந்து வருவது. அது மூச்சுக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஈயம் கையில் ஒட்டுவதுதான் அடுத்த ஆபத்து. வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது.

"மல்டிமீட்டர் முந்நூறு ரூபாய்க்கும் இருக்கு, பத்தாயிரத்துக்கும் இருக்கு. என்ன வித்தியாசம்?"

பேட்டரி, பிரெட்போர்டு என்று 12 வோல்ட்டுக்குள் இருக்கும் வரை மலிவு மீட்டரும் ஓரளவு சரியாகவே காட்டும். வித்தியாசம் தெரிவது வீட்டு மின்சாரத்தைத் தொடும்போது. மலிவு மீட்டரில் 10 ஆம்ப் என்று போட்ட துளைக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இல்லை என்று பல நேரம் அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். புரோபை அந்தத் துளையில் மறந்து வைத்துவிட்டு 230 வோல்ட்டை அளக்கப் போனால் மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். மெயின்ஸை அளப்பவர்கள் கேட்-3 600 வோல்ட் என்ற பாதுகாப்புத் தரமும் உள்ளே பீங்கான் ஃபியூஸும் கொண்ட மீட்டரை வாங்குங்கள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

கடையிலேயே இரண்டு புரோபையும் சேர்த்து ஓம்ஸில் பாருங்கள். 0.5 ஓமுக்குக் கீழே நிலையாக நிற்க வேண்டும், எண் தாவினால் புரோப் ஒயர் சரியில்லை. கன்டினியூட்டி பஸ்ஸர் தொட்டவுடன் கத்த வேண்டும். இன்னொன்று: 9 வோல்ட் பேட்டரி தீரும் நிலையில் மலிவு மீட்டர்கள் உண்மையைவிட அதிக வோல்ட் காட்டும். 5 வோல்ட் ரெகுலேட்டர் 5.8 காட்டினால், ரெகுலேட்டரைச் சந்தேகிக்கும் முன் மீட்டரின் பேட்டரியை மாற்றுங்கள்.

"டூப்ளிகேட் ஐசி எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

எல்லா பார்ட்டையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. பிசி547, 1என்4007, 555 போன்றவை அசலே அவ்வளவு மலிவு, போலி செய்வதில் லாபம் குறைவு. பவர் டிரான்சிஸ்டர், மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் போலப் பயன்படும் ஒரு வகை டிரான்சிஸ்டர்), ஆடியோ ஐசி, ஸ்விட்சிங் ரெகுலேட்டர், யுஎஸ்பி சிப் ஆகியவற்றில்தான் ஏமாற்று நடக்கிறது. 2என்3055-இன் பெரிய உலோக உறைக்குள் சுண்டு விரல் நகத்தில் பாதிகூட இல்லாத சிலிக்கான் துண்டை வைத்து விற்பது பழைய வித்தை. எஃப்டி232 யுஎஸ்பி சிப்பின் போலிகள் பெருகிப்போய், 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ நிறுவனம் வெளியிட்ட டிரைவர் போலி சிப்களைக் கணினி அடையாளம் காணாதபடி மாற்றிவிட்டது. போலி என்று தெரியாமல் வாங்கியவர்களின் கருவிகள்தான் நின்றுபோயின.

மேலே எழுத்து அழிகிறதா என்று நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் துடைத்துப் பார்க்கலாம். அழிந்தால் மறு அச்சு என்று கொள்ளலாம், அழியவில்லை என்பதால் அசல் ஆகிவிடாது. நான் நம்புவது அளந்து பார்ப்பதைத்தான். ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு கேட், டிரெய்ன், சோர்ஸ் என்று மூன்று கால்கள். டேட்டாஷீட்படி (தயாரிப்பாளர் வெளியிடும் விவரத் தாள்) கேட் காலுக்கு 10 வோல்ட் கொடுத்தால் அதன் தடை 17.5 மில்லிஓமைத் தாண்டக் கூடாது. கார் இண்டிகேட்டருக்கு வரும் 12 வோல்ட் 21 வாட் பல்பை 12 வோல்ட் பேட்டரியோடு மாஸ்ஃபெட் வழியாக இணைத்து, கேட்டை ஒரு ரெசிஸ்டர் மூலம் 12 வோல்ட்டில் வையுங்கள். சுமார் 1.75 ஆம்ப் ஓடும். டிரெய்ன், சோர்ஸ் கால்களை உடம்புக்கு ஒட்டிய இடத்தில் மீட்டரால் தொட்டால் 30 மில்லிவோல்ட் வாக்கில் இருக்க வேண்டும். 100-ஐத் தாண்டினால் அது வேறு ஏதோ ஒன்றின் மேல் எழுதிய பெயர்.

வாங்கிய அன்றே இதைச் செய்துவிடுங்கள். டப்பாவில் போட்டு வைத்துவிட்டு நாலு மாதம் கழித்து சர்க்யூட்டில் மாட்டி, அது புகைந்த பிறகு எது போலி என்று தேடுவது கொடுமை.

"3 ஆம்ப் பக் கன்வெர்ட்டர்னு வாங்கினேன், 2 ஆம்ப்லயே கொதிக்குது. போலியா?"

பக் கன்வெர்ட்டர் என்பது வோல்ட்டைக் குறைத்துத் தருவது, பெரும்பாலும் எல்எம்2596 மாட்யூலைத்தான் சொல்கிறார்கள். அசல் சிப் 150 கிலோஹெர்ட்ஸில் ஓடும். மலிவு மாட்யூல்களில் 50 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஓடும் சிப்கள் சர்வசாதாரணம், அந்த வேகத்துக்கு அதில் இருக்கும் சின்ன காயில் பத்தாது. ஆனால் அசல் சிப்பே ஹீட் சிங்க் இல்லாத அந்தத் துண்டு போர்டில் தொடர்ந்து 3 ஆம்ப் தாங்காது. இந்த மாட்யூல்களை நான் 1.5 ஆம்புக்கு மேல் நம்புவதில்லை. கொடுத்த காசுக்கு அது நியாயமான பொருள்தான், போட்டிருக்கும் எண்தான் நியாயமில்லை.

"அர்டுயினோ குளோன் வாங்கலாமா? அதுவும் டூப்ளிகேட்தானே?"

இல்லை, டூப்ளிகேட் ஐசி பற்றிச் சொன்னதும் இதுவும் வேறு. அர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் வடிவமைப்பு எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டது. அதைப் பார்த்து போர்டு செய்து தன் பெயரில் விற்பது முறையானதே. அர்டுயினோ என்ற பெயரையும் சின்னத்தையும் போட்டு அசல் போல விற்பதுதான் தவறு. தன் பெயரில் வரும் குளோனைத் தாராளமாக வாங்குங்கள். அதில் யுஎஸ்பிக்கு சிஎச்340 சிப் இருக்கும், பழைய விண்டோஸ் கணினிகளில் அதற்கு டிரைவர் தனியாகப் போட வேண்டிவரும். வந்ததும் 5 வோல்ட், 3.3 வோல்ட் பின்களை மீட்டரால் அளந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

"18650 பேட்டரி 9900 எம்ஏஎச்னு போட்டிருக்கு, விலையும் கம்மி. எடுக்கலாமா?"

எடுக்காதீர்கள். 18650 என்பது லித்தியம் செல்லின் ஓர் அளவு, எம்ஏஎச் அதன் கொள்ளளவு. அந்த அளவு செல்லில் உலகின் நல்ல நிறுவனங்கள் தருவதே 3500 சொச்சம்தான். அதற்கு மேல் 9900, 12000 என்று அச்சிட்டிருப்பவர் உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்று தெரியாது. சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராம் வாக்கில் இருக்கும், 30 கிராம்தான் இருக்கிறது என்றால் உள்ளே சரக்கு இல்லை.

சார்ஜ் செய்ய டிபி4056 மாட்யூல் வாங்கும்போது பாதுகாப்பு சர்க்யூட்டும் சேர்ந்தது வேண்டும் என்று கேளுங்கள். அதில் பேட்டரிக்கு இரண்டு, அவுட்புட்டுக்கு இரண்டு என்று தனித்தனித் துளைகள் இருக்கும். அது வழக்கமாக 1 ஆம்பில் சார்ஜ் செய்யும்படி 1.2 கே ரெசிஸ்டரோடு வருகிறது. சின்னத் தட்டை செல்களுக்கு அது மிக அதிகம், ரெசிஸ்டரை மாற்றாமல் அவற்றை அதில் போடக் கூடாது. லித்தியம் செல் வீங்கியிருந்தால் விலை என்னவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

"பழைய டிவி, ஆம்ப்ளிஃபயர் போர்டுல இருந்து பார்ட்ஸ் கழட்டினா காசு மிச்சமாகுமே?"

டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க், ஸ்விட்ச், கனெக்டர், தடித்த ஒயர் எல்லாம் கழற்றி வைக்கத் தகுந்தவை. புதிதாக வாங்கினால் இவைதான் விலை. எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரை மட்டும் கழற்றாதீர்கள். சூட்டில் உள்ளே இருக்கும் திரவம் வற்றிப்போயிருக்கும், புதியதின் விலையும் சில ரூபாய்தான். புதிதாக வாங்கும்போது 85 டிகிரிக்குப் பதில் 105 டிகிரி கேட்டு வாங்குங்கள், நம் ஊர் வெயிலில் மூடிய பெட்டிக்குள் அந்த வித்தியாசம் ஆயுளில் தெரியும்.

எஸ்எம்பிஎஸ் (மெயின்ஸில் நேரடியாக ஓடும் பவர் சப்ளை) போர்டைத் தொடும் முன் அதன் பெரிய கெப்பாசிட்டரை அளந்து பாருங்கள். 230 வோல்ட் மெயின்ஸ் உள்ளே டிசி ஆகும்போது சுமார் 325 வோல்ட் ஆகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்யாமல், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றால் வடித்துவிட்டு, மறுபடி அளந்த பிறகு கை வையுங்கள்.

"ஆஸிலாஸ்கோப் எப்போ வாங்கலாம்?"

மீட்டர் சரி என்று சொல்லியும் சர்க்யூட் ஓடாத நிலை உங்களுக்கு அடிக்கடி வரும்போது. மலிவான டிஎஸ்ஓ138 கிட் 200 கிலோஹெர்ட்ஸ் வரைதான் பார்க்கும். ஆடியோவுக்கும் 555 பழகுவதற்கும் அது நல்லது, மேலே சொன்ன பக் கன்வெர்ட்டர் எத்தனை கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று பார்க்கவும் உதவும். மைக்ரோகன்ட்ரோலர் சிக்னல்களைப் பார்க்க 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் வேண்டும். பழைய சிஆர்டி (படக்குழாய்) ஸ்கோப் கிடைத்தால், கடையிலேயே ஆன் செய்து கோடு கூர்மையாக விழுகிறதா, எல்லா நாபும் திருகும்போது கோடு தாவாமல் நகர்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

"வெளிநாட்டுல இருந்து நேரா வரவழைக்கலாமா?"

வரவழைக்கலாம், கணக்குப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். அலி எக்ஸ்பிரஸ் செயலி 2020 நவம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மௌசர், டிஜி-கீ போன்ற பெரிய விற்பனையாளர்கள் இங்கே அனுப்புகிறார்கள். பொருள் அசலாக இருக்கும், சுங்க வரியும் ஜிஎஸ்டியும் சேர்ந்துவிடும், கூரியர் நிறுவனம் அடையாள ஆவணம் கேட்கும். ஒரு குறிப்பிட்ட ஐசி அசலாகவே வேண்டும் என்றால் அந்தச் செலவு தகும். ரெசிஸ்டருக்கு இதைச் செய்வது வீண்.

ரேடியோ மாட்யூல் வாங்குபவர்கள் அலைவரிசையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் தகவல் அனுப்பும் லோரா மாட்யூல்கள் 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் என்று வரும். இந்தியாவில் 865 முதல் 868 வரை குறைந்த சக்தியில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், 868 என்று விற்கும் மாட்யூலை அந்த இடத்துக்கு மாற்றி அமைத்துக்கொள்ளலாம். 915 அமெரிக்காவுக்கானது, இங்கே அது செல்போன் அலைவரிசையை ஒட்டி வருகிறது. விலை குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

"வாங்கினது ஓடல. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது'ன்னு போர்டைக் காட்டுறாங்க. என்ன பண்றது?"

பில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் கெடு 30 நாள். பில் தர மறுப்பதும் அதே கணக்கில் சேரும். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மனம் மாறித் திருப்பிக் கொடுப்பதற்கு இது பொருந்தாது, பொருள் பழுதாக இருக்க வேண்டும்.

ஆனால் பத்து ரூபாய் ஐசியை நீங்கள் தவறாக இணைத்து எரித்தீர்களா, முதலிலேயே பழுதா என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. மீட்டர், அயர்ன், அடாப்டர், மாட்யூல் போன்றவற்றைக் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், பெரும்பாலும் செய்வார்கள். ஐசி, மாஸ்ஃபெட் என்றால் இரண்டு சேர்த்து வாங்கி, முன்பு சொன்னது போல அன்றே சோதியுங்கள்.

"டேட்டாஷீட் பார்த்துத்தான் மாட்டினேன். ஆனா டிரான்சிஸ்டர் வேலை செய்யல. பார்ட் நல்லாத்தான் இருக்கு."

காலின் வரிசை மாறியிருக்கும். தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், பிசி547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பிளாஸ்டிக் பிஎன்2222-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். இதே உருவத்தில் பி2என்2222 என்று ஒன்று உண்டு, அதற்கு மறுபடி கலெக்டர், பேஸ், எமிட்டர். கடையில் 2222 என்று மட்டும் கேட்டால் இதில் எதுவும் வரலாம். முன் எழுத்துகளையும் சேர்த்துப் படித்துவிட்டு அந்த நிறுவனத்தின் டேட்டாஷீட்டை எடுங்கள். மீட்டரில் எச்எஃப்இ (டிரான்சிஸ்டரின் பெருக்கத்தை அளக்கும்) துளை இருந்தால் இரண்டு விதமாகவும் செருகிப் பாருங்கள், நூறுக்கு மேல் காட்டுவது சரியான திசை. தலைகீழாக இருந்தால் மிகக் குறைவாகத்தான் காட்டும்.

"ரிலே மாட்யூல்ல 10 ஆம்ப் 250 வோல்ட்னு போட்டிருக்கு. 1 எச்பி மோட்டாரை அதுலயே போடலாமா?"

போடாதீர்கள். அந்த 10 ஆம்ப் பல்பு, ஹீட்டர் போன்ற லோடுக்கான கணக்கு. மோட்டார் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு கிளம்பும்போது இழுக்கும், நிறுத்தும்போது ரிலே முனையில் பொறி பறக்கும், நாளடைவில் முனைகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் உங்கள் சர்க்யூட் நிறுத்தச் சொன்னாலும் மோட்டார் நிற்காது. மாட்யூலைத் திருப்பி அந்தத் தாமிரக் கோட்டின் அகலத்தைப் பாருங்கள், பலவற்றில் அதுவே 10 ஆம்ப் தாங்காது. ரிலே ஒரு கான்டாக்டரின் (பெரிய லோடுக்கான ரிலே போன்றது) காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டாரை கான்டாக்டர் பார்த்துக்கொள்ளும். அதை எலெக்ட்ரிகல் கடையில் மோட்டாரின் எச்பி சொல்லிக் கேட்டு, ஓவர்லோடு ரிலேயோடு சேர்த்து வாங்குங்கள்.

மெயின்ஸில் ஓடும் எதையும் முதல் முறை ஆன் செய்யும்போது சீரியஸ் பல்பு வழியாக, அதாவது மின்சாரம் ஒரு பல்பைக் கடந்தே சர்க்யூட்டுக்கு வரும்படி, செய்யுங்கள். ஒரு பல்பு ஹோல்டர், ஒரு சாக்கெட், ஒரு ஸ்விட்ச், பழைய இழை பல்பு 100 வாட், இவ்வளவுதான் செலவு. எல்இடி பல்பு இதற்கு உதவாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், உங்கள் சர்க்யூட் தப்பிக்கும். ஆனால் இது சர்க்யூட்டைத்தான் காக்கும், ஆளைக் காக்காது. வேலை செய்யும் மேஜைக்கு வரும் லைனில் மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இருக்கிறதா என்று முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.